யப்பான்காரன் கொண்டுவராத செடி

காரைதீவு முச்சந்தியில் விபுலானந்த அடிகளாரின் சிலையைத் தாண்டி அம்பாறை வீதியில் மேற்கே திரும்பினால், சிறிது தூரத்திலேயே ஊர் முடிந்து வயல்வெளி தொடங்கிவிடும். கிழக்கே கடல், மேற்கே வயலும் வாய்க்காலும் ஆறும். தீவு அல்லாத இந்த ஊருக்குத் தீவு என்று பெயரிட்டவர்கள், மாரிகாலத்தில் இதனைச் சூழ்ந்து நிற்கும் நீரைப் பார்த்தே அப்படிப் பெயரிட்டிருக்க வேண்டும். அந்த வீதியில் மாவடிப்பள்ளிப் பாலத்தடியில் நின்று பார்ப்பவர்களுக்குச் சில மாதங்களில் நீர் தெரியாது. பச்சைக் கம்பளம் விரித்தாற்போல ஆற்றுவாழை மூடிக் கிடக்கும். இடையிடையே ஊதாப் பூக்கள். வெளியூரிலிருந்து வருபவர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். வயல்காரர்கள் அந்தப் பூவைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

சிறுவயதில் என் மூத்தப்பாவுடன் வட்டைக்குப் போகும்போது அந்தச் செடியின் கதையைக் கேட்டிருக்கின்றேன். "இது யப்பான்காரன்ட பிளேனை ஏமாத்த வெள்ளைக்காரன் போட்ட செடி மனே. மேலால பாத்தா வயல்வெளி மாதிரித் தெரியும். தரையெண்டு நெனச்சி எறங்கினானெண்டா ஆளோட தாண்டுபோவான்" என்பார். அவர் சொன்ன விதத்தில் ஒரு விமானம் வந்து இறங்கி அமிழ்ந்து போவதை நான் கண்ணாலேயே கண்டேன். பின்னாளில் இதே கதையைச் சம்மாந்துறையில் கேட்டேன், மட்டக்களப்பில் கேட்டேன், சிங்கள நண்பர் ஒருவரிடமும் கேட்டேன். சிலர் அதனைத் தலைகீழாகச் சொன்னார்கள். யப்பான்காரனே நமது வயல்களைப் பாழாக்க விமானத்திலிருந்து கொட்டினான் என்றார்கள். சிங்களத்தில் இச்செடியின் பெயரே 'ஜப்பன் ஜபர'. பெயரிலேயே யப்பான் இருக்கும்போது கதையைச் சந்தேகிப்பவர் யார்?

கதைக்குப் பின்னால் ஓர் உண்மையான பயம் இருந்தது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. 9ஆம் திகதி திருகோணமலையைத் தாக்கின. அதே நாளில் 'ஹேர்மஸ்' என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. கிழக்குக் கரையில் வாழ்ந்த அக்காலத்து மனிதருக்கு யப்பான் என்பது வெறும் செய்தியாக இருந்திருக்காது. வானத்தில் அந்நிய விமானம், வாய்க்காலில் அந்நியச் செடி. இரண்டையும் முடிச்சுப் போடுவதற்கு அதிக கற்பனை தேவைப்படவில்லை.

ஆனால் ஆண்டுகள் இந்தக் கதைக்கு இடம் கொடுக்கவில்லை.

ஆற்றுவாழை தென்னமெரிக்காவின் அமேசன் நதிப் படுகையைச் சேர்ந்தது. இலங்கைக்கு அது 1904–05 அளவில் ஹொங்கொங்கிலிருந்து அலங்காரச் செடியாக வந்தது. பூவின் அழகுக்காகத் தடாகங்களில் வளர்க்கப்பட்டது. வந்த சில ஆண்டுகளுக்குள்ளேயே நீர்நிலைகளில் அது செய்த அட்டகாசம் எவ்வளவென்றால், அந்த ஒரு செடியை ஒழிப்பதற்கென்றே 1909இல் 4ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தைப் பிரித்தானிய ஆட்சி நிறைவேற்ற வேண்டியிருந்தது. யப்பானிய விமானங்கள் வருவதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்னரே செடியும் இருந்தது, அதற்கெதிரான சட்டமும் இருந்தது.

நமது தோணாக்களையும் குளங்களையும் மூடும் மற்றச் செடியான சல்வீனியாவின் வரலாறும் இவ்வாறானதே. அது தென்கிழக்குப் பிறேசிலைச் சேர்ந்த மிதக்கும் பன்னம். தன் தாயகத்துக்கு வெளியே உலகில் அது முதன்முதலாகப் பதிவானது இலங்கையில்தான், ஆண்டு 1939. கொழும்பில் உயர்கல்வி நிறுவனமொன்றின் தாவரவியல் படிப்புக்காகத் தருவிக்கப்பட்டது என்பதே பொதுவாகக் கூறப்படும் வரலாறு. அதாவது அதுவும் யப்பானியருக்கு முந்தியது. ஒன்று பூவை விரும்பியவரின் தடாகத்திலிருந்தும் மற்றது படிப்பறைத் தொட்டியிலிருந்தும் நம்மிடம் வந்து சேர்ந்தன. இரண்டையும் கொண்டுவந்த கைகளில் பகை இருக்கவில்லை.

அப்படியானால் யப்பான் ஏன் பெயருக்குள் வந்தது? இது நமது நாட்டில் மட்டும் நடந்த விடயமல்ல. வங்காளத்தில் இதே ஆற்றுவாழையை 'ஜேர்மனிப் பானா' என்று அழைத்தார்கள். முதலாம் உலக யுத்த காலத்தில், பிரித்தானியரின் சணல் வியாபாரத்தைக் கெடுக்க ஜேர்மன்காரன் அனுப்பிய செடி அது என்று அங்கே பேசிக்கொண்டார்கள். கேரளத்தில் சல்வீனியாவுக்கு 'ஆப்பிரிக்கன் பாயல்' என்று பெயர், செடியோ பிறேசிலுடையது. நமது குளத்து மீன் திலாப்பியாவையும் பாருங்கள். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட அம்மீன் 1950களின் தொடக்கத்தில் நமது குளங்களில் விடப்பட்டது. சிங்களத்தில் அதற்குப் பெயர் 'ஜப்பன் கொறலி'. தெரியாத ஒன்று திடீரெனப் பெருகும்போது, அப்போது யாரைக் கண்டு பயந்தோமோ அல்லது யாரை அந்நியரென்று நினைத்தோமோ அவர்களின் பெயரை அதற்குச் சூட்டிவிடுகின்றோம். பெயர் சூட்டியதும் விளக்கம் கிடைத்துவிட்டதாக ஒரு நிம்மதி பிறக்கின்றது. அந்த நிம்மதிதான் ஆபத்தானது. குற்றவாளி கடல்கடந்து போய்விட்டான், இனி நாம் செய்வதற்கு என்ன இருக்கின்றது என்று கைகட்டி நிற்க அது வழிசெய்கின்றது.

வங்காளத்து மக்கள் கைகட்டி நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஆறுகளும் பிலங்களும் அடைபட்டுப் படகுகள் நின்றன, நெல்வயல்கள் அழிந்தன. 1921இல் விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டது. 1936இல் தனிச் சட்டம் வந்தது. 1937ஆம் ஆண்டுத் தேர்தலில் இச்செடியை ஒழிப்போம் என்பது வாக்குறுதியாகவே மாறியது. அத்தேர்தலின் பின் முதலமைச்சரான ஃபஸ்லுல் ஹக் விவசாயிகளின் கட்சியிலிருந்து வந்தவர். அவரது ஆட்சியில் 1939இல் 'ஆற்றுவாழை வாரம்' அறிவிக்கப்பட்டுக் கிராமத்தவர்கள் கூட்டாக நீரில் இறங்கினார்கள். ஒரு களைச்செடி முஸ்லிம் குடியானவர்களின் அரசியலுக்குள் நுழைந்த இந்த வரலாறு நமது வாசகர்களிடையே அதிகம் பேசப்படாதது. செடி அங்கே முற்றாக ஒழியவில்லை. எனினும் அதனை வயல்காரனின் தனிப்பட்ட தலைவிதியாக விடாமல் பொதுப் பிரச்சினையாக ஏற்றுக்கொண்டார்கள் என்பது சிறிய விடயமல்ல.

நமது பகுதிக்கு வருவோம். ஆற்றுவாழை சில வாரங்களுக்குள் இரட்டிப்பாகின்றது. தாய்ச்செடியிலிருந்து ஓடும் தண்டின் நுனியில் பிள்ளைச்செடி, அதன் நுனியில் பேரப்பிள்ளை என்று குடும்பமாக மிதக்கின்றது. அதன் விதை சேற்றுக்குள் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். சல்வீனியாவின் கதை இன்னும் விசித்திரமானது. அது வித்திகளால் இனம்பெருக்க முடியாத மலட்டுச் செடி. ஒடிந்த ஒவ்வொரு துண்டும் புதுச்செடியாகின்றது. உலகெங்கும் பரவிக் கிடப்பது உண்மையில் துண்டு துண்டாகப் பிரிந்த ஒரே செடிதான் என்று சொல்லிவிடலாம். எனவே இவற்றை நீருக்குள்ளேயே வெட்டிக் கலைப்பது நெருப்பை ஊதி அணைக்கப் பார்ப்பது போன்றது.

இவை நீரை மூடும்போது வெளிச்சம் உள்ளே இறங்குவதில்லை. அடியிலுள்ள தாவரங்கள் அழுகுகின்றன, நீரிலுள்ள ஒட்சிசன் குறைகின்றது, மீன் ஒதுங்குகின்றது. வலை வீசுபவனுக்கு வீச இடமில்லை. யானைக்கால் நோயைப் பரப்பக்கூடிய மன்சோனியா நுளம்பின் குடம்பிகள் இச்செடிகளின் வேரைத் துளைத்து அங்கிருந்தே காற்றை எடுத்து வாழ்கின்றன. நெல்வயலுக்கு வரும் வாய்க்காலும் வயலிலிருந்து வெளியேறும் வடிச்சலும் அடைபடுகின்றன. கோடையில் கடைக்கண்டத்துக்கு நீர் வந்து சேராது. மாரியில் அதே கண்டத்திலிருந்து நீர் போய்ச் சேராது. ஒரு செடியே இரண்டு எதிரெதிரான துன்பங்களையும் தருகின்றது.

மாரி வெள்ளத்தை இப்பகுதி மக்களுக்கு விளக்கத் தேவையில்லை. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் கவிழ்ந்து பிள்ளைகளின் உயிர்கள் போயின. அந்த மரணங்களைச் செடியின் மீது சுமத்துவது நேர்மையாகாது. அன்று பெய்தது பெருமழை, வந்தது பெருவெள்ளம். ஆனால் அந்த நாளுக்குப் பின்னர் அந்த வீதியோரம் தேங்கி நிற்கும் நீரை எவராலும் பழைய கண்ணால் பார்க்க முடியவில்லை. பாலக் கண்களில் செடி அடைந்து கிடந்தால் நீர் வேறு வழி தேடும் என்பதும், அந்த வேறு வழி பெரும்பாலும் மனிதர் நடக்கும் வழியாகவே இருக்கும் என்பதும் நாம் அறிந்ததே.

இங்கே மனிதரின் பங்கையும் எழுத வேண்டும். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம் பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்தது. அதனால் சிறுபோகமும் பெரும்போகமும் நிச்சயமாயின. நமது வட்டைகள் செழித்தன. அதுவரை கோடையில் வற்றி வெடித்த பல பள்ளங்களில் ஆண்டு முழுவதும் நீர் நின்றது. வற்றாத, அசையாத, உரம் கரைந்த நீர் இச்செடிகளுக்குச் சுவர்க்கம். நெல்லுக்கு நாம் போடும் யூரியாவில் மிச்சம் வடிச்சலில் இறங்குகின்றது. ஊரின் கழிவுநீர் தோணாவில் இறங்குகின்றது. யுத்த காலத்தில் தூரத்து வட்டைகளுக்குப் போக அஞ்சிக் கிடந்த ஆண்டுகளில் வாய்க்கால்கள் வெட்டுவாரின்றிக் கிடந்தன. செடியை யார் கொண்டுவந்தார் என்ற கேள்விக்கு வரலாற்றில் பதில் இருக்கின்றது. அதற்கு யார் சோறு போட்டார் என்ற கேள்விக்குப் பதில் நமது வயலிலும் குசினியிலும் இருக்கின்றது.

கட்டுப்படுத்தும் முயற்சியின் வரலாற்றில் இலங்கைக்கு ஒரு முதன்மை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சாயம் எடுப்பதற்கென்று பிறேசிலிலிருந்து இந்தியாவுக்கு ஒரு பூச்சி கொண்டுவரப்பட்டது. அது சாயத்துக்கு உதவாத வேறு இனம். ஆனால் சப்பாத்திக்கள்ளியின் ஓர் இனத்தைத் தின்று தீர்த்தது. 1865இல் அந்தப் பூச்சி அதே கள்ளிக்கு எதிராக இந்தியாவிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு வெற்றியும் கண்டது. களையைக் கட்டுப்படுத்த அதன் எதிரியை ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்கு எடுத்துச் சென்ற முதலாவது வெற்றி அதுவே.

சல்வீனியாவுக்கு அப்படியொரு எதிரியைக் கண்டுபிடிக்கப் பல பத்தாண்டுகள் சென்றன. காரணம் மீண்டும் பெயர்தான். அதனை விஞ்ஞானிகள் நெடுங்காலம் 'சல்வீனியா ஓரிக்குலாற்றா' என்ற வேறோர் இனமாகக் கருதியிருந்தார்கள். அந்த இனத்தின் மீது வாழும் பூச்சிகளைத் தேடிக் கொண்டுவந்து விட்டார்கள், பயனில்லை. 1972இல் மிற்சல் என்ற தாவரவியலாளர் இது தனியினம் என்று நிறுவி 'சல்வீனியா மொலெஸ்ரா' எனப் பெயரிட்டார். சரியான பெயர் கிடைத்த பின்னரே சரியான தாயகம் தேடப்பட்டது. 1978இல் தென்கிழக்குப் பிறேசிலில் அது இயல்பாக வாழும் இடம் கண்டறியப்பட்டது. அங்கே அதன் மொட்டைத் தின்று, தண்டைக் குடைந்து வாழும் ஒரு சிறு கூன்வண்டும் கிடைத்தது. இரண்டு மில்லிமீற்றர் அளவே உள்ள கறுப்பு வண்டு. 1980இல் அவுஸ்திரேலியாவின் மூண்டரா ஏரியில் அது விடப்பட்டது. அடுத்த ஆண்டுக்குள் அந்த ஏரியை மூடியிருந்த சல்வீனியா கபில நிறமாகி அமிழ்ந்தது.

இலங்கைக்கு அந்த வண்டு 1986இல் வந்தது. பல மாவட்டங்களில் சில ஆண்டுகளுக்குள் சல்வீனியா பெரிதும் அடங்கியது. அவுஸ்திரேலிய உதவியுடன் நடந்த அத்திட்டத்தின் பொருளாதாரத்தை ஆராய்ந்தவர்கள், செலவிட்ட ஒவ்வொரு ரூபாவுக்கும் 53 ரூபா பெறுமதியான நன்மை கிடைக்கும் எனக் கணித்தார்கள். ஆற்றுவாழையைத் தின்னும் வேறொரு கூன்வண்டும் 1980களின் இறுதியில் கொண்டுவரப்பட்டது. அதன் வெற்றி இவ்வளவு தெளிவானதல்ல. ஆற்றுவாழை உரமான நீரில் வண்டு தின்னும் வேகத்தை விட விரைவாக வளர்ந்துவிடுகின்றது. வண்டும் மந்திரவாதியல்ல. வெள்ளம் செடியைக் கடலுக்கு அள்ளிச் செல்லும்போது வண்டும் அதனோடு போய்விடுகின்றது. எஞ்சிய துண்டிலிருந்து செடி மீண்டும் எழுகின்றது. வண்டை மீண்டும் வளர்த்து விடுவதற்கு ஒருவர் வேண்டும்.

இந்த வரலாற்றைத் தேடிப் படித்த நாட்களில் ஒரு சொல் என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. இத்தகைய செடிகளைக் குறிக்கத் தமிழில் சிலர் 'வந்தேறிகள்' என்று எழுதுகின்றார்கள். அந்தச் சொல்லை முஸ்லிமாக இந்த நாட்டில் வாழும் ஒருவன் செடியின் பெயராக மட்டும் வாசித்துவிட முடியாது. நமது முகத்துக்கு நேரே அது சொல்லப்பட்டிருக்கின்றது. நாமும் பிறரை நோக்கி அதன் பொருளில் பேசியிருக்கின்றோம். 1985 ஏப்ரலில் இதே காரைதீவில் தமிழ் மக்களின் வீடுகள் எரிந்தன. 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் கொல்லப்பட்டார்கள். அடுத்த வீட்டுக்காரனை அந்நியனாக்கிய பின்னரே இவையெல்லாம் சாத்தியமாயின.

தாவர வரலாறு இந்தச் சொல்லுக்குச் சான்று சொல்லவில்லை. நமது கறிக்குப் போடும் கொச்சிக்காயும், பஞ்ச காலத்தில் உயிர் காத்த மரவள்ளியும், பப்பாசியும் கொய்யாவும் ஆற்றுவாழையைப் போலவே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. வந்தவற்றில் மிகப் பெரும்பாலானவை எவருக்கும் தீங்கு செய்யவில்லை. இந்த மண்ணின் சமையலாகவும் மருந்தாகவும் ஆகிவிட்டன. ஆற்றுவாழையின் குற்றம் அது வந்த இடமல்ல. தன்னை அடக்கும் எதிரியை விட்டுத் தனியே வந்ததும், வந்த இடத்தில் தேங்கிய உரநீரைக் கண்டதும், மற்ற உயிர்களுக்கு வெளிச்சம் விடாமல் மூடியதுமே அதன் தீங்கு. ஆகவே இவற்றை 'ஆக்கிரமிப்புச் செடிகள்' என்று சொல்வோம். பிறப்பை விட்டுச் செயலைக் குறிக்கும் சொல் அது. மனிதரையும் அவ்வாறே அளப்பது நல்லது.

இனிச் செய்யக்கூடியது என்ன? ஆண்டுதோறும் மழை நெருங்கும்போது பெக்கோ இயந்திரம் வந்து பாலத்தடியில் வாரும். வாரியதைக் கரையிலேயே போட்டுவிட்டால் முதல் வெள்ளத்தில் அது நீருக்குத் திரும்பிவிடும். பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீராலான அச்செடியைத் தூரத்துக்கு ஏற்றிச் செல்வது வீண்செலவு என்பதும் உண்மைதான். ஆனால் மேட்டில் பரப்பி வெயிலில் காயவிட்டால் அதன் பாரம் பெரிதும் குறைந்துவிடும். பூப்பதற்கு முன்னர் எடுத்தால் விதை சேற்றில் விழாது. சாணத்தோடு சேர்த்து மக்கவைத்தால், வயலிலிருந்து அது உறிஞ்சிய உரம் வயலுக்கே திரும்பும். மழைக்கு முன் ஒரு தடவை வாருவதை விட, கோடையில் நீர் குறைந்து செடி ஒதுங்கிக் கிடக்கும்போது கையால் எடுப்பது மலிவானது. வண்டு வளர்க்கும் ஒரு சிறு தொட்டியைக் கமநல சேவை நிலையத்தின் வளவிலோ ஒரு பாடசாலையிலோ பராமரிக்கலாம். உப்புநீரை இச்செடி தாங்காது. முகத்துவாரம் திறந்து கடல் உள்ளே ஏறும் இடங்களில் அது கருகிச் சாவதை மீனவர்கள் அறிவார்கள். எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீனவருக்கும் இருக்கும் பிணக்கை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும்.

இவற்றில் எதுவும் ஓர் ஊரால் தனியே ஆகக்கூடியதல்ல. மேலே சம்மாந்துறை வட்டையிலிருந்து அறுந்து வரும் செடி மாவடிப்பள்ளியில் தங்கும். அங்கே தள்ளிவிட்டது கீழே போய் அடையும். பிரதேச சபைகளின் எல்லையும் திணைக்களங்களின் எல்லையும் அதற்குத் தெரியாது. எந்த ஊர் தமிழருடையது, எந்த ஊர் முஸ்லிம்களுடையது என்பதும் தெரியாது. முன்பெல்லாம் விதைப்புக்கு முன் வட்டை விதானையின் அழைப்பில் இரு சமூகத்துப் போடிமாரும் வயற்காரரும் மண்வெட்டியோடு ஒரே வாய்க்காலில் இறங்கியதை நான் சிறுவனாகப் பார்த்திருக்கின்றேன். பாதையில் கிடக்கும் இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கின்றது. வாய்க்காலும் ஒரு பாதைதான். நீர் போகும் பாதை.

மூத்தப்பாவின் கதை பொய் என்று அறிந்த பிறகும் அவர்மீது எனக்குக் கோபமில்லை. அவர் அந்தச் செடியைத் திட்டிக்கொண்டே இடுப்பளவு நீரில் இறங்கி இரு கைகளாலும் அள்ளி வரம்புக்கு எறிவார். யார் போட்டது என்பதில் அவர் பிழைவிட்டார். யார் எடுக்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகமே இருக்கவில்லை.